பன்னிரண்டாம் நம்பர் பூட்ஸ்

ஆண்டவன் எனக்கு அளித்திருக்கும் அங்கங்களுள் ஊரார் கண்ணில் முதலில் படுவது என் முகம் அன்று; என் பாதங்கள்தான். நீளம் 30 சென்டிமீட்டர், அகலம் பதினொன்றரை. கோயில் வாசலில் நான் கழற்றிவிட்ட செருப்பை இதுவரையில் ஒருவரும் திருடியதில்லை. கல்யாண வீடுகளில் நூறு ஜோடிகளுக்கு நடுவே அவை இரண்டு தோணிகளைப் போலத் தனியே ஒதுங்கிக் கிடக்கும். தாழ்வாரத்தில் என் காலடி ஓசையைக் கேட்டவுடனேயே பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள் என்று எங்கள் தலைமையாசிரியர் ஒரு முறை சொன்னார். அதைப் பாராட்டாகவே ஏற்றுக்கொண்டேன்.

இந்தப் பாதங்கள் என் பாட்டனார் வழி வந்த சொத்து. அவர் குன்னூர்ப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரையிடம் வேலை பார்த்தவர். துரை வேட்டைக்குப் புறப்பட்டால் இவர் துப்பாக்கி உறையையும் சாப்பாட்டுக் கூடையையும் சுமந்துகொண்டு பின்னால் போவார். துரையின் பூட்ஸ் லண்டனிலிருந்து கப்பலில் வந்தது. அடியில் வரிசையாக இரும்பு ஆணிகள் அறைந்திருக்கும். இரவில் அதற்கு எண்ணெய் பூசி வைப்பதும் பாட்டனாரின் வேலை. ஒரு நாள் ஆசையினால் அதற்குள் தம் காலை நுழைத்துப் பார்த்தாராம். "பாதிதான் போயிற்று, பேராண்டி! துரை எவ்வளவு பெரிய துரை! கால் மட்டும் குழந்தைக் கால்!" என்று சொல்லி, வெற்றிலைப் பல் தெரியச் சிரிப்பார். அவர் கடைசிவரையில் வெறுங்காலுடனேயே மலை ஏறினார். பனியிலும் பாறையிலும் துரை நடந்த தூரம் அவ்வளவையும் அவரும் நடந்தார், சுமையோடு.

அவர் வாயால் கேட்ட கதைகளுள் என்னை விடாமல் பற்றிக்கொண்டது வரையாட்டின் கதை. வரை என்றால் மலை. சங்கப் புலவர்கள் 'வருடை' என்று பாடியது இந்த விலங்கையே என்பர் அறிஞர். நீலகிரியிலிருந்து தெற்கே மேற்கு மலைத் தொடர் நெடுகப் புல்வெளியும் செங்குத்துப் பாறையும் சேரும் இடங்களிலே வாழ்வது. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதது. இன்று தமிழ்நாட்டின் அரசு விலங்கு. "பாறையிலே ஒட்டின மாதிரி நிற்கும், நீ கண்ணைச் சிமிட்டினால் அங்கே இராது" என்பார் பாட்டனார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, முழங்கால் இடம் கொடுக்கும்போதே அதை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இது துப்பாக்கி இல்லாத வேட்டை. ஆனால் பதுங்குவதும், காற்றின் திசை பார்ப்பதும், சரிவில் சுற்றி வளைத்து ஏறுவதும் துப்பாக்கி வேட்டையில் உள்ளவையேதாம். கால்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

2024 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசாங்கம் குறிப்பிட்ட சில மலைப்பாதைகளை, அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில், நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டது. அவலாஞ்சியிலிருந்து கோலரிபெட்டா சிகரத்துக்குப் போகும் பாதை அவற்றுள் ஒன்று. எங்கள் பள்ளிக் கணித ஆசிரியரும் நானும் டிஸம்பர் விடுமுறையில் போவதென்று தீர்மானித்தோம். அவர் கால் எட்டாம் நம்பர். அவர் கடைக்குப் போய்ப் பத்து நிமிஷத்தில் பூட்ஸோடு திரும்பினார். நான் கோயம்புத்தூரில் ஒரு நாள் முழுவதும் அலைந்தேன்.

"எத்தனை நம்பர், ஸார்?" என்று கடைப் பையன் கேட்பான். "பன்னிரண்டு" என்பேன். அவன் என் முகத்தைப் பார்ப்பான். பிறகு மெல்லக் கீழே பார்ப்பான். உள்ளேயிருந்து இன்னொருவனைக் கூப்பிட்டு அவனுக்கும் காட்டுவான். ஐந்தாவது கடையில் ஒருவர், "பதினொன்றுக்கு மேல் வருவதில்லை, ஸார். இதையே போடுங்கள். போடப் போட இளகிக்கொடுக்கும்" என்றார். நாள் முழுவதும் அலைந்தவனுக்கு அந்த வார்த்தை அமிர்தமாக இருந்தது. பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். பட்டதாரி என்ற பெயர் எனக்கு இருக்கிறது. ஆனாலும் ஒரு சிறிய விஷயத்தை அன்று யோசிக்கவில்லை. தோல் அகலத்தில் சிறிது இளகும். நீளத்தில் இளகவே இளகாது. முன்னே விரல் மூடியும் பின்னே குதிகால் பட்டையும் கெட்டியாக வைத்துத் தைத்தவை. அவை இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலக மாட்டா.

மேலே ஏறும்போது குற்றம் ஒன்றும் தெரியவில்லை. ஏற்றத்தில் உடம்பின் பாரம் குதிகால் பக்கம் சாய்கிறது. விரல்களுக்கு முன்னால் இடம் இருப்பது போல் ஒரு மாயை. சோலைக்காட்டைத் தாண்டிப் புல்வெளிக்கு வந்தோம். காலைப் பனி புல்லின் மேல் உப்புத் தூவினாற்போல் வெளுத்துக் கிடந்தது. நான் பாட்டுக்கூடப் பாடினேன் என்று கணித ஆசிரியர் சொல்கிறார், எனக்கு நினைவில்லை. முதல் இறக்கம் வந்ததும் பாட்டு நின்றது. இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் பாதம் பூட்ஸுக்குள் முன்னே வழுக்கி, பெருவிரல் நுனி தோல் சுவரில் போய் முட்டும். ஒரு முட்டு ஒன்றுமில்லை. ஆயிரம் முட்டு என்றால் சுத்தியல் கொண்டு நகத்தின் மேல் அடித்தது போல்தான்.

சிகரத்துக்குச் சற்றுக் கீழே மூடுபனி விலகிய ஒரு கணத்தில் மூத்த வழிகாட்டி கையை உயர்த்தினார். "அந்தப் பக்கம் பாறையில் இருக்கிறது, ஸார். மெதுவாக நூறு கஜம் இறங்கினால் போதும்" என்று காதோடு சொன்னார். நூறு கஜம்! ஆறு கஜம் இறங்கினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டேன். கணித ஆசிரியர் மட்டும் அவரோடு போனார்; இளைய வழிகாட்டி எனக்குக் காவலாக நின்றார். அரைமணி கழித்துத் திரும்பியவரின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. "பெரிதாக ஒன்றும் இல்லை, ஸார். பனி மறைத்துவிட்டது" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது. ஊருக்குத் திரும்பிய பிறகு வற்புறுத்திக் கேட்டதன் பேரில் படங்களைக் காட்டினார். பதினொரு ஆடுகள்.

ஆனால் என்னை உறுத்தியது அது அன்று. மாலை நான்கு மணிக்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டிய நாங்கள், நான் நொண்டிய காரணத்தால் நன்றாக இருட்டிய பிறகே வந்து சேர்ந்தோம். காட்டுமாடுகள் மேய வரும் நேரம் அது. ஓர் இடத்தில் பாதையின் ஓரமாகப் புதரில் மூச்சுவிடும் சப்தம் கேட்டு நால்வரும் கல்லாக நின்றோம். இளைய வழிகாட்டிக்கு இருபது வயதுதான் இருக்கும்; என்னைத் தாங்கிக்கொண்டிருந்த அவன் கை நடுங்குவதை என் தோளில் உணர்ந்தேன். அவர்களை அழைத்துக் கேள்வி கேட்ட அதிகாரியிடம், "ஸாருக்கு உடம்பு முடியவில்லை" என்றுதான் மூத்தவர் சொன்னார். பூட்ஸைப் பற்றி வாய் திறக்கவில்லை. இரண்டு நகங்கள் கறுத்து, ஒரு மாதத்தில் விழுந்தன.

நகம் முளைக்கும் வரையில் வீட்டில் உட்கார்ந்து, மலை வேட்டைக்காரர்கள் காலில் என்ன போட்டார்கள் என்று படித்தேன். நீலகிரிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் வரையாட்டுக்கு 'ஐபெக்ஸ்' என்று தவறாகப் பெயரிட்டார்கள். வயது முதிர்ந்த கடாவின் முதுகில் சேணம் போட்டாற்போல் வெளிறிய திட்டு ஒன்று தோன்றும். அந்தத் தலையைச் சுவரில் மாட்டுவதுதான் அவர்களுக்குப் பெருமை. சுட்டுச் சுட்டு இனமே அருகிவிடும் என்ற நிலை வந்தபோது, 1877-இல் வேட்டைக்காரர்களே கூடி ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். 1879-இல் நீலகிரிக்கென்று தனியாக ஒரு வேட்டைச் சட்டமும் வந்தது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வரையாட்டு வேட்டை அடியோடு முடிந்தது. பிறகு 1975-இல் ஈ. ஆர். ஸி. டேவிதார் என்பவர் இந்த விலங்கை முதன்முதலாக முறைப்படி ஆராய்ந்தவர்களுள் ஒருவரானார். அவர் நினைவாக அக்டோபர் 7-ஐ வரையாட்டுத் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2024-இல் எடுத்த கணக்கின்படி தமிழ்நாட்டில் அப்போது 1,031 ஆடுகள் இருந்தன. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தொகை அதைவிட அதிகம்.

வரையாட்டின் கண் எப்போதும் கீழ்நோக்கியே இருக்கும். ஆபத்து கீழேயிருந்துதான் வரும் என்பது அதன் அநுபவம். ஆகையால் வேட்டைக்காரன் மலையைச் சுற்றிக்கொண்டு போய் மேலேயிருந்து இறங்க வேண்டும். ஏற்றமும் இறக்கமும் இரண்டு மடங்காகிவிடும். இதிலே ஆணி அறைந்த பூட்ஸுக்கு ஒரு குணமும் ஒரு குற்றமும் உண்டு. ஈரப் புல்லில் நன்றாகப் பிடிக்கும். பாறையில் 'கிளிங்' என்று ஓசை செய்து ஆட்டை விரட்டிவிடும். இமயமலைப் பக்கம் வேட்டையாடியவர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். காஷ்மீரத்து ஜனங்கள் நெல் வைக்கோலைத் திரித்து 'புலஹோர்' என்று ஒரு பாதரட்சை பின்னுவார்கள். ஓசை கிடையாது, பனியில் வழுக்காது, விரைவில் தேய்ந்துவிடும், தேய்ந்தால் வேறொன்று பின்னிக்கொள்ளலாம். துரைமார்கள் தங்கள் சீமை பூட்ஸைக் கூடாரத்தில் போட்டுவிட்டு இதைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வைக்கோல் செருப்புக்கு நம்பர் ஏது? காலை வைத்துத்தானே பின்னுகிறார்கள்!

இன்று மலையில் நடப்போர் பலரும் அணியும், பள்ளமும் மேடுமாக வெட்டிய ரப்பர் அடிப்பாகத்தின் கதை சோகமானது. 1935-இல் இத்தாலி நாட்டு ஆல்ப்ஸ் மலையில் விட்டாலே பிரமானி என்பவர் தலைமையில் சென்ற கூட்டத்தில் ஆறு பேர் புயலில் சிக்கி இறந்தார்கள். காலுக்கேற்ற பாதரட்சை இல்லாமையும் அதற்கு ஒரு காரணம் என்று அவர் கருதினார். இரண்டு வருஷம் உழைத்து, பாறையிலும் ஈரத்திலும் பிடிக்கும் ரப்பர் அடியை 1937-இல் உருவாக்கினார். அவர் பெயரின் முதலெழுத்துக்களே 'விப்ரம்' என்று ஆயின. 1954-இல் இத்தாலியர்கள் கே-2 சிகரத்தில் முதன்முதலாகக் கால் வைத்தபோது அவர்கள் பூட்ஸின் அடியில் அந்த ரப்பர்தான் இருந்தது.

படிப்பு முடிந்தது, பூட்ஸ் வந்தபாடில்லை. அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர், தாம் வாங்கி எட்டு வருஷமாக அணியாமலே வைத்திருந்த ஒரு ஜோடியை அனுப்பி உதவினார். பெரிய நம்பர், பார்வைக்குப் புத்தம் புதியது. தெருக்கோடி வரையில் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அடிப்பாகம் ரொட்டித் துண்டு போல உதிர்ந்து வழி நெடுகக் கிடந்தது. அடியில் மெத்தென்று இருப்பதற்காக வைக்கும் ஒரு வகைப் பிளாஸ்டிக் நுரை, காற்றிலுள்ள ஈரத்தினால் வருஷக் கணக்கில் தானே சிதைந்துவிடுமாம். அணிந்தாலும் சிதையும், பெட்டியில் வைத்துப் பூட்டினாலும் சிதையும். இது மலையுச்சியில் நடக்காமல் எங்கள் தெருவில் நடந்ததற்கு அவருக்கு நன்றி எழுதினேன்.

கடைசியில் வழி காட்டியவன் என் பழைய மாணவன். ஆம்பூரில் ஒரு தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறான். "ஸார், இங்கே வாருங்கள். உங்கள் காலுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை" என்று எழுதினான். போனேன். ஏற்றுமதி போக மிஞ்சிய ஜோடிகளை விற்கும் ஒரு கடைக்கு அழைத்துச் சென்றான். உள்ளே நுழைந்ததும் நான் கண்ட காட்சியை என்னவென்று சொல்வேன்! ஐரோப்பாக் கணக்கில் 46, 47, 48 என்று பெட்டி பெட்டியாக அடுக்கிக் கிடந்தன. நம் ஊர்த் தோல், நம் ஊர்க் கைகள், நம் ஊர்த் தையல். அளவு மட்டும் ஜெர்மானியனுக்கும் டச்சுக்காரனுக்கும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தினந்தோறும் பெரிய கால்களுக்குப் பூட்ஸ் தைத்துக் கப்பலேற்றுகிறார்கள். அந்த ஊர்களுக்கு நாலு மணி நேரப் பிரயாணத்தில் இருக்கும் ஒரு பெரிய காலன், பதினொன்றாம் நம்பரைப் போட்டுக்கொண்டு நகத்தை இழக்கிறான்! "இந்த நம்பர்களை இங்கே யாரும் வாங்குவதில்லை, பாதி விலைக்குத் தருகிறேன்" என்றார் கடைக்காரர். பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டது என் வாழ்நாளில் அன்று ஒரு நாள்தான்.

கணுக்காலை மூடும் உயரம், கெட்டியான எருமைத் தோல், தைத்து இணைத்த அடிப்பாகம். 47-ஐப் போட்டேன். நீளம் கச்சிதம். ஆனால் விரல்களின் அடியில், பாதம் மிக அகன்றிருக்கும் இடத்தில், இடுக்கிபோல் பிடித்தது. "அப்படியானால் 48 பார்க்கலாமா?" என்றார் கடைக்காரர். நான் தலையசைக்கப் போனேன், மாணவன் தடுத்துவிட்டான். "அதுதான், ஸார், எல்லாரும் செய்யும் தவறு. அகலத்துக்காக நீளத்தை வாங்கக் கூடாது" என்று சொல்லி, ஒரு சந்தில் தொழில் செய்யும் முதியவர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனான். எழுபது வயதிருக்கும். 'பாய்' என்றுதான் அந்தத் தெரு முழுவதும் அவரை அழைக்கிறது.

பாய் முதலில் பூட்ஸைப் பார்க்கவே இல்லை. "மாலை நாலரை மணி. நல்ல நேரத்தில் வந்தீர்கள், வாத்தியார் ஐயா. காலையில் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார். நாள் முழுவதும் நடந்து நின்ற கால் மாலையில் சிறிது வீங்கியிருக்கும். மலையில் இன்னும் வீங்கும். ஆகவே காலை அளப்பதானால் மாலையில், நின்றுகொண்டு, மலையில் போடப்போகும் காலுறையோடு அளக்க வேண்டும். இரண்டு காலையும் அளக்க வேண்டும். அநேகமாக யாருக்கும் இரண்டும் சமமாக இரா. பெரிய காலுக்குத்தான் பூட்ஸ். ஒரு தினசரித் தாளைத் தரையில் விரித்து, என் காலை அதன் மேல் வைத்துப் பென்ஸிலால் சுற்றிக் கோடு இழுத்தார். 1864-இல் ஆப்ரஹாம் லிங்கனும் இப்படித்தான் காகிதத்தின் மேல் நின்று காலை வரையச் சொல்லிப் பூட்ஸ் தைப்பித்துக்கொண்டார். அவர் கால் பதினான்காம் நம்பர் என்பது எனக்கு எப்போதுமே ஓர் ஆறுதல்.

"இங்கிலீஷ் நம்பர் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டேன், என் படிப்பைக் காட்டுவதற்காக. அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஒரு வாற்கோதுமை மணியின் நீளம். பழைய இங்கிலீஷ்காரர்கள் அதை வைத்துத்தான் அளந்தார்கள். பாய் சிரித்தார். "நாமும் நெல்லை வைத்து அளந்தவர்கள்தாமே, ஐயா! எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண். கோதுமையோ நெல்லோ, அளவு நீளத்துக்கு மட்டும்தான். அகலத்துக்கு நம்பர் எங்கே?" என்றார். உண்மை. நம் கடைகளில் கிடைப்பவற்றுக்கு அகலத்தின் கணக்கு அநேகமாகக் கிடையாது. சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார், 2021 டிஸம்பர் முதல் 2022 மார்ச் வரையில் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தார்கள். பொதுவாக இந்தியப் பாதம் மேனாட்டார் பாதத்தைவிட அகலமானது என்று கண்டு, நமக்கென்று தனி அளவு முறை ஒன்றை வகுத்து, பாரதத்தின் முதலெழுத்தாகிய 'பா' என்று அதற்குப் பெயரிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டபோது, நாற்பது வருஷமாக என் கால் செய்த குற்றமென்று நினைத்திருந்தது அச்சுக்கட்டையின் குற்றமென்று தெரிந்து, மனத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

பாய் 47-ஆம் நம்பர் மரக்கட்டை அச்சை எடுத்தார். என் கால் கோட்டைப் பார்த்துப் பார்த்து, சுண்டுவிரல் பக்கமும் பெருவிரல் மூட்டுப் பக்கமும் சிறு தோல் துண்டுகளை அடுக்கி ஒட்டினார், அரத்தால் தேய்த்தார், மறுபடியும் ஒட்டினார். பூட்ஸை ஈரத் துணியால் நனைத்து அந்த அச்சை உள்ளே இறக்கி மூன்று நாள் வைத்துவிட்டார். நீளத்தில் இளகாத தோல் அகலத்தில் இப்படித்தான் இளகும். 'போடப் போட' அன்று. 48-ஐ வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். பாய் ஒரு பூட்ஸை எடுத்து வளைத்துக் காட்டினார். விரல்களின் அடி மூட்டு மடங்கும் இடமும் பூட்ஸ் மடங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். நீளம் கூடிவிட்டால் பூட்ஸ் ஓர் இடத்தில் மடங்கும், கால் வேறோர் இடத்தில் மடங்கும். குதிகால் ஒவ்வோர் அடிக்கும் எழும்பிக் கொப்புளம் போடும். இறக்கத்தில் பழையபடி முன்னே வழுக்கும்.

நாலாம் நாள் போட்டுப் பார்க்கும் படலம் ஒரு மணி நேரம் நடந்தது. உள்ளேயுள்ள மெத்தைத் தோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் நிற்கச் சொன்னார். பாதம் எங்கும் அதன் விளிம்பைத் தாண்டவில்லை. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தது. பிறகு கயிறு கட்டாமல் காலை முன்னே தள்ளச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் தம் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரல் போயிற்று, இரண்டு போகவில்லை. பிறகு கயிற்றை இறுக்கி, கணுக்கால் மடிப்பில் இரட்டை முடிச்சுப் போட்டு, மாடிப்படியில் இருபது தடவை இறங்க வைத்தார். ஏறுவதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. "ஏறும்போது எந்தச் செருப்பும் நல்ல செருப்புத்தான், ஐயா" என்றார். விரல் முட்டவில்லை. மாடியில் குடியிருந்த அம்மாள்தான் இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்தார். அன்று பகல் ஆம்பூர்ப் பிரியாணியை வழக்கத்தைவிடச் சிறிது அதிகமாகவே சாப்பிட்டேன்.

பெரிய காலுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. பூட்ஸ் பெரிதானால் கனமும் பெரிது. காலில் ஒரு ராத்தல் கூடினால் முதுகில் ஐந்து ராத்தல் ஏற்றினதற்குச் சமம் என்று மலையேறுவோர் கணக்குச் சொல்வார்கள். அதற்காக மெல்லிய அடியாகத் தேடினால், பாறைப் படியில் முன்பாதம் மட்டும் பதிந்து மிச்சம் வெளியே தொங்கும்போது நீண்ட அடி வளைந்துகொடுத்துக் கெண்டைக்கால் சதையை வாட்டும். நீண்ட காலுக்கு விறைப்பான அடிதான் வேண்டும். கனத்தைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். நான் வீட்டிலிருந்து பள்ளிக்கு இரண்டு மாதம் அதையே போட்டுக்கொண்டு நடந்து பழகினேன். ஆகஸ்டு மாதத்து வெயிலில் வேஷ்டிக்குக் கீழே மலை பூட்ஸோடு ஓர் ஆசிரியர் வருவதைப் பார்த்துத் தெரு என்ன நினைத்ததோ, நான் கேட்கவில்லை. பருத்திக் காலுறையை விட்டுக் கம்பளிக் காலுறைக்கு மாறினேன். பருத்தி நனைந்தால் நனைந்ததுதான். தோலை ஊறவைத்துக் கொப்புளத்துக்கு வழி செய்துவிடும்.

2025 நவம்பரில் மறுபடியும் அவலாஞ்சி. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய இடம் அது. நாங்கள் போனபோதும் முதல்நாள் இரவு நல்ல மழை. அதே மூத்த வழிகாட்டி வந்திருந்தார். வணக்கம் சொல்வதற்கு முன்னால் குனிந்து என் பூட்ஸைப் பார்த்தார். கட்டைவிரலால் முனையை அழுத்தினார். ஒன்றும் பேசாமல் முன்னே நடந்தார். சோலைக்குள் அட்டைகள் எங்களுக்காகவே காத்துக்கொண்டிருந்தன. கெட்டியாக நெய்த துணி உறையை முழங்கால்வரை இழுத்துக் கட்டி, புகையிலைத் தூளும் எண்ணெயும் கலந்து பூட்ஸின் மேல் தடவியிருந்தேன். ஆனாலும் நாக்குத் தோலின் ஓரமாக ஒன்று நுழைந்துவிட்டது. அது பூட்ஸின் குற்றம் அன்று, அட்டையின் திறமை.

புல்வெளிக்கு வந்து, காற்று எதிரே அடிக்கும்படி மலையைச் சுற்றி மேலே ஏறினோம். பிறகு இறக்கம். சென்ற வருஷம் நான் உட்கார்ந்த கல்லைப் பார்த்தேன், அதைத் தாண்டினேன். நூறு கஜம் இறங்கினோம். இன்னும் ஐம்பது கஜம். வழிகாட்டி என் தோளை அழுத்தினார். கீழே, பாறை விளிம்பில், சேண முதுகோடு ஒரு கடா. கறுப்பு என்று சொல்லக்கூடிய மேனி. வளைந்த குட்டைக் கொம்பு. அதற்கு அப்பால் நாலைந்து பெட்டைகளும் இரண்டு குட்டிகளும். ஒரு குட்டி செங்குத்தாக நின்ற பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏறுவது போல் ஏறியது. அதன் குளம்பைப் பற்றி நான் படித்திருந்தேன். சுற்றிலும் கெட்டியான விளிம்பு. நடுவே ரப்பர் போன்ற மெத்தை. இரண்டு விரல்களும் தனித்தனியே விரிந்து பாறையைப் பற்றும். பிரமானி இரண்டு வருஷம் உழைத்துத் தேடியதை அது பிறக்கும்போதே கொண்டு வந்திருந்தது.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. கணித ஆசிரியர் பதினெட்டு நிமிஷம் என்கிறார். காற்றுத் திரும்பியது, கடா ஊதல் போல ஓர் ஒலி எழுப்பியது, பாட்டனார் சொன்னது போலவே கண்ணைச் சிமிட்டினேன், அங்கே ஒன்றும் இல்லை. அவை நின்ற இடத்துக்கு இறங்கிப் போய்ப் பார்த்தோம். ஈர மண்ணில் குளம்பின் சுவடு தெளிவாகப் பதிந்திருந்தது; இரண்டு விரல் அகலம்கூட இல்லை. அதன் பக்கத்தில் என் பூட்ஸின் சுவடு. மூத்த வழிகாட்டி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இதைப் பார்த்தால் இன்னும் ஒரு மாதத்துக்கு ஆடு இந்தப் பக்கம் வராது, ஸார்" என்றார்.

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அடிவாரத்தில் இருந்தோம். பூட்ஸைக் கழற்றி, நெருப்பண்டை வைக்காமல், உள்ளே பழைய தினசரித் தாளைத் திணித்து நிழலில் வைத்தேன். நெருப்பில் உலர்த்தினால் தோல் வெடித்துவிடும் என்பது பாயின் கடைசி உபதேசம். பிறகு விளக்கின் கீழே உட்கார்ந்து நகங்களை எண்ணினேன். பத்தும் இருந்தன.